நஞ்சுக்கு இட்ட பெயர்

ஓர் ஆங்கிலச் சொல் அண்மைக் காலத்தில் நம் இல்லத்தில் குடிபுகுந்துவிட்டது. அதை அழைத்து வந்தவள் பதினாறு வயது நிரம்பிய நம் மகள். ‘டாக்ஸிக்’ என்பது அச்சொல். ஒத்துவராத தோழி டாக்ஸிக். கடிந்துகொண்ட ஆசிரியை டாக்ஸிக். தேர்வுக்கு முந்திய வாரத்தில் வீட்டில் நிலவும் காற்றுங்கூட டாக்ஸிக். 2018ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் தெரிவு செய்ததும் இதனையே என அறிந்து, இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த விருந்தாளி அன்று என்று ஒருவாறு தேறுதல் கொண்டிருந்தோம்.

அத்தேறுதல் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தாபுரத்திலிருந்து நம் தாய்மாமன் தொலைபேசியில் பேசினார். வழக்கம்போல் மகளின் படிப்பை விசாரித்தார். “பொட்டப் புள்ளைக்கு அத்தனை படிப்பு எதுக்குங்க மாப்ளே? காலாகாலத்துல ஒரு எடத்தைப் பாருங்க” என்றும் சொல்லி வைத்தார். அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மகள், பேச்சு முடிந்ததும், “அந்தத் தாத்தா ரொம்ப டாக்ஸிக், அப்பா” என்றாள். நமக்குச் சினம் மூண்டது. “பெரியவர், அக்கறையினால் சொல்கிறார். அவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?” என்று இரைந்தோம். அச்சினம் தணிந்த பின் எழுந்த சிந்தனைகளே இக்கட்டுரை.

அச்சொல்லின் பிறப்பை ஆராயப் புகுந்தால் வியப்பு மேலிடுகின்றது. கிரேக்க மொழியில் ‘டாக்ஸன்’ என்றால் வில். ‘ஃபார்மகான்’ என்றால் மருந்து. நஞ்சு என்பதும் அதே சொல்லுக்குப் பொருள். அம்பு முனையில் தடவும் நஞ்சினை அவர்கள் ‘டாக்ஸிகான் ஃபார்மகான்’, அதாவது ‘வில்லுக்குரிய மருந்து’ என்றனர். நாளடைவில் இத்தொடரின் பின்பாதி உதிர்ந்தது. வில்லைக் குறித்த முன்பாதியே நஞ்சின் பெயராக நின்று, இலத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. உதிர்ந்த பின்பாதியோ மருந்துக் கடையைக் குறிக்கும் ‘ஃபார்மசி’யாக வேறொரு வாயிலால் வந்து சேர்ந்தது. குற்றமற்ற வில் நஞ்சின் பெயராயிற்று. நஞ்சையும் குறித்த சொல் மருந்துக் கடையின் பெயராயிற்று.

ஏனைய சொற்களின் வரலாறும் இத்தகையதே. ‘பாய்சன்’ என்பது பருகுவதைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பாம்பின் நஞ்சைக் குறிக்கும் ‘வெனம்’ என்பது, காதல் தெய்வமாகிய வீனஸின் பெயரோடு உறவுடைய, வசிய மருந்தைக் குறித்த சொல்லின் வழித்தோன்றல். ஆங்கிலத்தில் பரிசினைக் குறிக்கும் ‘கிஃப்ட்’ என்னும் சொல், ஜெர்மன் மொழியில் நஞ்சினைக் குறிக்கின்றது. இலத்தீனில் நஞ்சைக் குறித்த ‘வைரஸ்’ என்னும் சொல்லும், வடமொழியின் ‘விஷம்’ என்னும் சொல்லும் ஒரு வேரில் கிளைத்தவை. தீங்கு தரும் பொருளை அதன் நேர்ப்பெயரால் அழைக்க மனித இனம் என்றும் தயங்கியே வந்துள்ளது போலும்.

நம் தமிழும் இதற்கு விலக்கன்று. நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சு என்றால் நஞ்சு. நச்சினார்க்கினியர் என்னும் உரையாசிரியரின் பெயரில் விருப்பத்தைக் காண்கிறோம்; நச்சுமரம் என்பதில் நஞ்சைக் காண்கிறோம். கணவனை மயக்க மனைவி சோற்றில் ‘மருந்து வைத்துவிட்டாள்’ என்று ஊரார் பேசுவதை நம்மில் கேளாதார் யார்? எனினும் நம் மருத்துவ மரபு இவ்விரண்டின் எல்லையை நன்கு அறிந்திருந்தது. சித்த மருத்துவம் 64 பாஷாணங்களை எண்ணிச் சொல்லும். பழனியில் எழுந்தருளியுள்ள முருகன் திருமேனி ஒன்பது பாஷாணங்களால் போகர் வடித்தது என்பது மரபு. ஆனால் அம்மருத்துவர் நஞ்சை நஞ்சென்றே முதலில் பெயரிட்டனர். பின்பு ‘சுத்தி’ செய்து அதன் கொடுமையை நீக்கினர். அதன் பின்னரே மருந்து என்றனர். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்பதே பெயர். அங்கு வற்புறுத்தப்படுவது மூலிகையன்று, அளவறிந்து உண்ணுதல். அளவே ஒன்றை நஞ்சாக்குகிறது என்று 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர் பாராசெல்சஸ் கூறியதை, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் அடுப்படியிலேயே சொல்லி வந்தனர்.

இத்துணை அறிவுடைய மக்கள், கழனியில் தெளிக்கும் கொடிய நஞ்சுக்கு மட்டும் மருந்து என்று பெயரிட்டது எங்ஙனம்?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியைச் சார்ந்தது கோவிந்தாபுரம். எல்லைச் சிற்றூர், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். நாம் ‘விஷமம்’ என்றால் குறும்பு. மலையாள அயலார் ‘விஷமம்’ என்றால் துயரம். நஞ்சுக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை என்றாலும், அம்மா நம்மை ‘விஷமக்காரன்’ என்று ஏச, அடுத்த வீட்டம்மையார் நமக்கு ஏதோ பெருந்துயர் வந்துற்றதென எண்ணி ஓடிவந்த வேடிக்கையும் உண்டு. முதலமடை இன்று மாங்கனிக்குப் பேர்பெற்றது. பிற பகுதிகளுக்கு முந்தி, தை மாசியிலேயே இங்குக் காய் சந்தைக்கு வந்துவிடும். முந்தி வரும் காய்க்கு விலை அதிகம். அவ்விலையை நம்பி மரம் பூத்த நாள் முதல் தத்துப்பூச்சிக்கு அஞ்சி மருந்தடிப்பார்கள். தாய்மாமன் அவ்வேலையில் கைதேர்ந்தவர்.

‘பூச்சிக்கொல்லி’ என்று பாடநூல் எழுதும். கொல்லி என்று நேர்மையாகவே சொல்லும் நல்ல சொல் அது. ஆயினும் தோப்பில் ஒருவரும் அதனைச் சொல்லக் கேட்டதில்லை. மருந்து வாங்குவார்கள், மருந்து கலக்குவார்கள், மருந்து அடிப்பார்கள். அடித்தவர் மயங்கி வாந்தியெடுத்தால் ‘மருந்து ஏறிடுச்சு’ என்பார்கள். கடன் தாளாமல் ஒருவர் மாய்ந்தால் அப்போதும் ‘மருந்தைக் குடிச்சுட்டார்’ என்பதே ஊர்ப்பேச்சு. உயிரைப் பறித்த பின்னும் அதன் பெயர் மருந்தாகவே இருந்தது.

மருந்து தீர்ந்த தகரக் குப்பியை அம்மாயி வீணாக்கமாட்டார். சாம்பலும் புளியும் இட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் கடலை எண்ணெய் ஊற்றிவைப்பார். தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பத்து வயதில், ஒருநாள் அக்குப்பியைச் சுழற்றிப் பார்த்தோம். சாய்சதுரத்தினுள் மண்டையோடும் எலும்பும். அதன் அருகே ஒரு சொல். எழுத்தெழுத்தாகக் கூட்டி, “பாய்சன்” என்று உரக்கப் படித்தோம். “அப்படீன்னா என்ன கண்ணு?” என்றார் அம்மாயி. “விஷம்” என்றோம். “போடா, அது மருந்து. மாமன் தினமும் தொடறது” என்று சிரித்துவிட்டு, குப்பியை வாங்கி அடுப்பருகில் வைத்தார். நாமும் மேற்கொண்டு வாதாடவில்லை. அன்றிரவு அதே எண்ணெயில் தாளித்த குழம்பை உண்டு உறங்கினோம்.

அச்சாய்சதுரத்தின் பொருளைப் பின்னாளில் கற்றோம். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் விதிகள் வகுக்கப்பட்டன. ஆய்வுக்கூட விலங்குகளுள் பாதியைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு எத்தனை மில்லிகிராம் நஞ்சு வேண்டும் என்பதே அளவுகோல். வாய்வழி 50 மில்லிகிராம் வரையே போதுமாயின் சிவப்பு முக்கோணம். 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேலாயின் பச்சை. சிவப்புக்கு மண்டையோடும் ‘பாய்சன்’ என்னும் சொல்லும், மஞ்சளுக்கு அச்சொல் மட்டும், நீலத்துக்கு ‘அபாயம்’, பச்சைக்கு ‘எச்சரிக்கை’ என்று சட்டம் நுணுக்கமாகவே வகுத்துள்ளது. சட்டம் நஞ்சென்று எழுதியது; நாவு மருந்தென்று படித்தது.

இவ்விடைவெளி எத்தனை உயிர்களை விழுங்கக் கூடியது என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1958இல் உணவுப் பொருள்களோடு ஒரே கப்பலில் ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் நஞ்சு கசிந்து கலந்ததனால் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஃபாலிடால் என்னும் பெயரில் விற்பனையான நஞ்சு அதுவே. ‘பாலிடால்’ என்று நம் மக்கள் நாவில் அப்பெயர் தற்கொலைக்கு மறுபெயராய் நின்றதை மூத்தோர் அறிவர். 2013 ஜூலையில் பீகாரில் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் ஊர்ப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் கலந்திருந்தது. நஞ்சு இருந்த கலத்தில் எண்ணெயை வைத்திருந்ததே காரணம் எனப்பட்டது. அச்செய்தியைப் படித்த நாளில் அம்மாயியின் குப்பி நம் கண்முன் வந்து நின்றது. நாம் உயிரோடிருப்பது அவர் இட்டுத் தேய்த்த சாம்பலினாலோ, வெறும் நற்பேற்றினாலோ என்று எண்ணி நடுங்கினோம்.

பெயர் செய்யும் மாயத்துக்கு எல்லையூரைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கேரளத்தின் வடகோடியிலுள்ள காசர்கோட்டில், மாநிலத் தோட்டக் கழகத்தின் ஏறத்தாழ 4,600 எக்டேர் முந்திரித் தோட்டங்களின்மீது, 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அத்தோட்டங்களைச் சூழ்ந்த ஊர்களில் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்ததை மருத்துவர் மோகன் குமார் எடுத்துரைத்தார். வேளாண் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றம் சென்றார். மருந்தென்று வானிலிருந்து பொழிந்தது விஷமென்று பெயர் பெற்றது அவர்களைப் போன்றோரால்தான். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கேரளம் அதனை விலக்கிவிட்டது. நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011 மே 13 அன்று. பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் அந்நீதிமன்றமே ஆணையிட்டது.

கேரளத் தடைக்கும் நாட்டுத் தடைக்கும் இடைப்பட்ட அவ்வாண்டுகளை எண்ணிப் பாருங்கள். கோவிந்தாபுரத்துச் சோதனைச் சாவடிக்குக் கிழக்கே அது கடையில் விற்கும் மருந்து. மேற்கே தடுக்கப்பட்ட விஷம். குப்பி ஒன்றே, உள்ளிருப்பது ஒன்றே. நூறடி நடந்தால் பெயர் மாறிவிடும். எல்லை கடந்து அது வந்தது என்றும், முதலமடைத் தோப்புகளிலும் அடிக்கப்பட்டது என்றும், அங்கும் நோயுற்ற குழந்தைகள் உளர் என்றும் செய்திகள் வெளிவந்தன. அக்காலத்தில் தாய்மாமன் எந்தக் குப்பியைத் திறந்தார் என்று நாம் கேட்டதில்லை. ஊரைவிட்டு வெளியேறி, படித்து, வேற்றூரில் நிலைபெற்றுவிட்ட நமக்கு அதைக் கேட்கும் துணிவில்லை.

மகளோடு இரைந்த சில மாதங்களுக்குப் பின், விடுமுறையில் அவளை ஊருக்கு அழைத்துச் சென்றோம். தாய்மாமனுக்கு எழுபதைக் கடந்த வயது. தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றினாலும் அது தளும்புகிறது. அந்நடுக்கம் மருந்தால் வந்ததென்று எந்த மருத்துவச் சீட்டிலும் எழுதப்படவில்லை. மாட்டுக்கொட்டகைத் தூணில் ஆணிகள் இட்ட பழைய குப்பி ஒன்று தொங்கியது. மங்கிய அச்சில் மண்டையோடு. மகள் அதனைப் படித்தாள்.

“தாத்தா, இதுல பாய்சன்னு போட்டிருக்கே. நீங்க ஏன் மருந்து மருந்துன்னு சொல்றீங்க? இது விஷம்னு உங்களுக்குத் தெரியாதா?”

தாய்மாமன் சற்று நேரம் அவளைப் பார்த்தார். “தெரியாமயா அம்மிணி? தோப்புக்குள்ள காக்கா குருவிச் சத்தமே நின்னு போச்சு. பாத்துட்டுத்தான இருந்தோம்” என்றார். பின்பு, “மருந்துன்னு சொன்னாத்தான் தோள்ல ஏத்த முடியும். விசம்னு சொல்லிட்டா, வெடியால எந்திரிச்சு எவன் அதைத் தொடுவான்? ஊட்டுல அடுப்பெரியோணுமில்ல?” என்றார்.

அன்பர்களே, இத்தனை ஆண்டுகளாக நாம் கொண்டிருந்த செருக்கு அக்கணத்தில் கரைந்தது. எழுத்தறியாமையால் எம்மவர் நஞ்சை மருந்தென்றனர் என்றும், கூட்டிப் படித்துக் கண்டுபிடித்தவர் நாமே என்றும் எண்ணியிருந்தோம். அவர் அறிந்தே அப்பெயரைச் சொல்லிவந்தார். முகக்கவசமோ கையுறையோ தந்திருக்க வேண்டியவர்கள் தரவில்லை. அச்சொல் ஒன்றே அவர் அணிந்த கவசம். அவருடைய கூலியில்தான் நம் புத்தகங்கள் வாங்கப்பட்டன. பாய்சன் என்று படிக்க நமக்கு வாய்த்தது, மருந்து என்று சொல்லி அவர் தோளில் ஏற்றியதனால்.

ஆயினும் மகளின் கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: “அப்பா, அவர் அன்னைக்குப் படிப்பு வேண்டாம்னு சொன்னப்ப நீங்க அதை அக்கறைன்னு சொன்னீங்க. அதுவும் மருந்துன்னு சொல்ற மாதிரிதானே?”

நமக்கு விடை எழவில்லை. அவள் சொன்னது உண்மை. ஒரு பெண்ணின் கல்வியை வெட்டும் சொல்லுக்கு அக்கறை என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தோம். அடக்கம், மரியாதை, குடும்ப மானம் என்று நாம் ஒட்டும் சீட்டுகள் எத்தனை! நம் கோவிந்தாபுரத்திலேயே, அம்பேத்கர் குடியிருப்பின் சக்கிலியர் மக்கள் தேநீர்க் கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் ஒதுக்கப்படுகின்றனர் என்று 2017இல் செய்திகள் வெளிவந்தன. சிறுவயதில் அத்தகைய ஒதுக்கலைக் கண்டு ஏனென்று கேட்டபோது நமக்குக் கிடைத்த விடை, ‘அது வழக்கம்’ என்பது. வழக்கம் என்பதும் ஒரு மருந்துப் பெயர்தான். அங்கு மகளின் ‘டாக்ஸிக்’ என்னும் சொல்லே பொருந்தும். அதனினும் பொருத்தமான சொல் நஞ்சு.

எனவே அச்சொல்லின்மீது நாம் கொண்ட பகையை ஒருவாறு விட்டொழித்தோம். ஆனால் மகளிடம் ஒன்று வேண்டிக்கொண்டோம். குப்பியில் சீட்டு ஒட்டும் சட்டம் நஞ்சை நான்காக வகுத்திருக்கிறது. ஒத்துவராத தோழிக்கும் ஒதுக்கப்பட்ட குவளைக்கும் ஒரே சிவப்பு முக்கோணத்தை ஒட்டினால், உண்மையான மண்டையோட்டை எவரும் திரும்பிப் பாரார். மற்றொன்று, குப்பியில் இருப்பது நஞ்சு. அதனைச் சுமந்தவர் நஞ்சல்லர். அவள் தலையசைத்தாள். “சரி. தாத்தா சொன்னது நஞ்சு, தாத்தா இல்லை” என்றாள். ‘டாக்ஸிக்’ என்னாது அவள் ‘நஞ்சு’ என்று சொன்னதைக் கேட்டு நாம் மகிழ்ந்ததை அவள் கவனித்திருக்கமாட்டாள்.

தாயகம் விட்டு வந்து வாழும் நாம், பிள்ளைகள் தமிழ்ச் சொற்களை மறப்பதை எண்ணி வருந்துகிறோம். நாம் அவர்களுக்கு எச்சொற்களைத் தருகிறோம் என்பதும் சிந்திக்கற்பாலது. நஞ்சை மருந்தென்று சொல்லித் தரும் தமிழைக் காட்டிலும், நஞ்சை நஞ்சென்று சொல்லும் அயற்சொல் பிள்ளைகளுக்கு இனிதாகத் தோன்றின் அதில் வியப்பில்லை. இரண்டையும் நேர் செய்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது கொட்டகையிலோ பரணிலோ பழைய குப்பி தென்பட்டால், எழுத்தறியாத மூத்தோருக்கு அதனைப் படித்துச் சொல்வோம். படித்துச் சொல்வதோடு நில்லாமல், தோப்பில் வேலை செய்யும் உறவினருக்கு ஒரு கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுப்போம்.

நாம் தாய்மாமனுக்கு வாங்கிச் சென்றது காலம் கடந்த பின்னர். அவற்றை அவர் தம் பேரனிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, “விசம் அடிக்கப் போறப்ப போட்டுக்கோ” என்றார்.